செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வேலைகள்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் செப்டிக் டேங்கில் சேர்ந்த கழிவை எடுத்துவிட வேண்டும் என்று ஆடி மாதத்திலிருந்தே அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். கீழ் பாத்ரூமில் ஊற்றும் தண்ணீர் உடனே இறங்காமல் குபுகுபுவென்று குமிழி விட்டு மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காலை வேளையில் வாடை வேறு. மழைக்காலத்தில், டேங்கிலிருந்து வழியும் தண்ணீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழியைச் சுற்றி மண்ணே ஊறிப்போய் நிற்கும்போது டேங்கும் நிறைந்திருந்தால் கழிவு திரும்ப வீட்டுக்குள்தான் ஏறும். வெயில் இருக்கும்போதே எடுத்தால் லாரியும் சேற்றில் சிக்காமல் வந்து போகும்.

எங்கள் வீடு கோயம்புத்தூருக்கு வடக்கே நரசிம்மநாயக்கன்பாளையத்தில். மாமா கட்டிய வீடு. அவர் காலமாகிவிட்டதால் டேங்க் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முன்பக்கம் கார் நிறுத்த டைல்ஸ் ஒட்டியபோது மூடிகளும் அடியில் போய்விட்டன. சுவரோரம் நிற்கும் காற்றுக் குழாய் மட்டும்தான் அடையாளம். லாரிக்குப் போன் போடுவதற்கு முன்னால் அந்த மூடிகளைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை என்று முடிவு செய்தோம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூடி சரியாகத் திறக்காத, ஹோஸ் அடிவரை போகாத டேங்குகளில்தான் "ஆளை இறக்கி வழித்து எடுத்துடலாம்" என்ற பேச்சு வருகிறது. அந்தப் பேச்சே வராதபடி இடத்தைத் தயார் செய்து வைப்பது வீட்டுக்காரர்கள் வேலை. லாரிக்காரர் வந்து பார்த்துக்கொள்வார் என்று விடக்கூடாது.

வீடு கட்டிய கொத்தனார் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். வயதாகிவிட்டது, ஆனாலும் கூப்பிட்டதும் வந்தார். குழாய் பக்கத்திலிருந்து கடப்பாரையின் பின்முனையால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே நடந்தார். தரை கெட்டியாக இருக்கும் இடத்தில் 'டக் டக்' என்று ஒரு சத்தம், டேங்குக்கு மேலே வந்ததும் அதே தட்டுக்கு 'டொம்' என்று அடியில் குழி இருக்கிற சத்தம். சத்தம் மாறிய இடங்களையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார், பார்த்தால் முழு டேங்கும் தரையில் வரைந்தாற்போல் வந்துவிட்டது. "ரெண்டு மூடி போட்டமுங்க, நடுவுல குறுக்குச் சுவர் இருக்குது, ரெண்டு பக்கமும் தொறந்தாத்தான் வேலை ஆகும்" என்றார். டைல்ஸை உடைத்தோம். பழைய சிமெண்ட் ஸ்லாப், தூக்கும் கொக்கி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது, சுற்றிலும் பூசிய சிமெண்டை உளியால் கொத்தி இடைவெளி விட்டுவிட்டு மூடியை அப்படியே வைத்துவிட்டோம். திறப்பது லாரி வந்த பிறகுதான்.

அந்தச் சாக்பீஸ் கோட்டை டேப் வைத்து அளந்தது பெரிய உபகாரமாக இருந்தது. சுவர்களின் கனத்தைக் கழித்துவிட்டால் உள்ளளவு எட்டடி நீளம், நாலடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஐந்தடி என்று கொத்தனார் சொன்னார். பெருக்கினால் 160 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆக சுமார் 4,500 லிட்டர். இந்தக் கணக்கு எதற்கென்றால், சின்ன லாரி ஒன்று வந்து ஒரு லோடு உறிஞ்சிவிட்டு "முடிஞ்சதுங்க" என்று போனால் போனது பெரும்பாலும் மேல்தண்ணீர்தான். டேங்கில் மூன்று அடுக்கு இருக்கும்: மேலே எண்ணெய்ப்பிசுக்கும் நுரையுமாக மிதக்கும் ஆடை, நடுவில் தண்ணீர், அடியில் கசடு. உறிஞ்சுகுழியை அடைப்பது அடிக்கசடு நிறைந்து வழிந்து போவதுதான், அதை விட்டுவிட்டு நடுத்தண்ணீரை எடுத்துப் பயனில்லை. அதனால் போனிலேயே கேட்டேன்: லாரி எத்தனை லிட்டர், ஹோஸ் எத்தனை அடி, உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள்.

கடைசிக் கேள்விக்குத்தான் பலர் மழுப்புவார்கள். முதலில் பேசிய ஒருவர் விலையைக் குறைத்துச் சொன்னார், எங்கே ஊற்றுவீர்கள் என்றதும் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். டேங்க் மூடி சின்னதாக இருந்தால் கூடுதலாக ஐநூறு கொடுங்கள், பையன் இறங்கிச் சுத்தமாக வழித்துவிடுவான் என்றும் சேர்த்துச் சொன்னார். அங்கேயே வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இது எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ யார் வேலைக்கு வைத்தாலும் குற்றம், முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டு உரிமையாளருக்கும் அது பொருந்தும். இப்படி உள்ளே இறங்கிச் சாகிறவர்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது என்பதை நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதில்களிலேயே பார்க்கலாம். 2023-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது, ஆனால் போன உயிர் போனதுதான்.

உள்ளே இருக்கும் வாயுவைப் பற்றித் தெரிந்துகொண்டால் யாரும் யாரையும் இறங்கச் சொல்ல மாட்டார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. "நாற்றம் இல்லை, பரவாயில்லை" என்று நினைத்து இறங்குகிறவர் அடுத்த மூச்சிலேயே சாய்ந்துவிடலாம். அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் அதே போலத்தான் போகிறார், செய்தித்தாளில் இரண்டு பேர் மூன்று பேர் என்று சேர்த்து வருவது இதனால்தான். மீத்தேனும் இருப்பதால் தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது.

அப்புறம் கழிவு அகற்ற லாரி கேட்கும் உதவி எண்ணான 14420-இல் கேட்டு, பேரூராட்சி அலுவலகத்திலும் விசாரித்து, உரிமம் உள்ள லாரியாகப் பிடித்தோம். பெரியநாயக்கன்பாளையத்தில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இருப்பது எங்கள் பகுதிக்கு நல்ல வசதி. தமிழ்நாட்டில் இந்த மாதிரி நிலையம் முதலில் வந்தது செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில். நிலையம் எதுவும் பக்கத்தில் இல்லாத ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாக ஓடையிலும் குளத்திலும் திறந்துவிடுகிற லாரிகள் இருக்கின்றன, ஆகவே எங்கே போகிறது என்று கேட்பதை விடாதீர்கள்.

லாரி வரும் நாளில் நாங்கள் செய்தது: தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைத்தோம், கசடைக் கலக்கத் தண்ணீர் நிறைய வேண்டும். காரை வெளியே எடுத்தோம், கொடியில் கிடந்த துணிகளை எடுத்தோம், பக்கத்து வீடுகளில் சொல்லி ஜன்னல்களைச் சாத்தச் சொன்னோம், பிள்ளைகளையும் நாயையும் பின்கட்டில் விட்டுக் கதவைப் பூட்டினோம். இரண்டு மூடியையும் திறந்து காற்றாட விட்டுவிட்டுத்தான் ஹோஸைப் போட்டார்கள். வந்த டிரைவர் அண்ணன் பொறுமையான மனிதர், கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டிருந்தார். நீளமான மூங்கில் கழியை விட்டு அடியைத் தட்டிப் பார்த்தார், "அடியில கெட்டியாக் கெடக்குதுங்க, தண்ணி அடிச்சாத்தான் வரும்" என்றார். எங்கள் மோட்டார் குழாயிலிருந்து தண்ணீரை வேகமாக அடித்துக் கலக்கினார், கழியால் கிண்டினார், உறிஞ்சினார், மறுபடி அடித்தார். முதல் அறையில்தான் கசடு அதிகம், இரண்டாவதில் குறைவு. யாரும் இறங்கவில்லை, குனிந்துகூட எட்டிப் பார்க்க அவர் விடவில்லை.

டேங்கைத் தேய்த்துக் கழுவச் சொல்லிச் சிலர் கேட்பார்களாம். தேவையில்லை. அடியில் விரற்கடை அளவு பழைய கசடு இருக்கட்டும், அதில் இருக்கும் நுண்ணுயிர்தான் அடுத்த கழிவை மக்கச் செய்யும். மேலே நின்றே டார்ச் அடித்து சுவரில் வெடிப்பு உண்டா, உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் ஆடையைத் தடுக்கும் 'T' வடிவ டி பைப் இருக்கிறதா என்று பார்த்தோம். வெளிக்குழாயில் டி உடைந்து கிடந்தது. ஆடை மிதந்து உறிஞ்சுகுழிக்குப் போனதற்கு அதுதான் காரணம். மூடியிலிருந்தே கைக்கு எட்டும் இடம் என்பதால் பிளம்பர் வெளியிலிருந்தபடியே மாற்றினார். பிறகு டேங்கைக் காலியாக விடாமல் தண்ணீர் நிரப்பினோம். தரையில் சிந்திய இடத்தில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவினோம், டேங்குக்குள் அது போகாமல் பார்த்துக்கொண்டோம். காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டியிருக்கிறோம். கியூலெக்ஸ் கொசு முட்டையிடப் பிடித்த இடம் செப்டிக் டேங்க், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதே கொசுதான்.

மூடிகள் மேல் மறுபடி டைல்ஸ் ஒட்டவில்லை. கொக்கி வைத்த புது மூடிகள், விளிம்பில் சிமெண்டுக்குப் பதில் லேசான சுண்ணாம்புக் கலவை. கார் இப்போது அந்தப் பக்கம் ஏறுவதில்லை. அளவெடுத்த படத்தை வீட்டு வரி ரசீதுகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன், எனக்கு அடுத்து வருகிறவர்கள் தட்டிப் பார்த்துத் தேட வேண்டியிருக்காது.

வீட்டுக்குள்ளும் சில மாற்றங்கள். நாப்கின், டயபர், ஈரத்துணித் துடைப்பான் எதுவும் கக்கூஸில் விழக்கூடாது, அவை மக்கவே மக்காது, ஹோஸையும் அடைக்கும். ஆசிட்டை விட்டாயிற்று, பினாயிலும் கொஞ்சம்தான். சமையலறைத் தண்ணீரைப் பிரித்து வாழைக்கு விட்டிருக்கிறோம், எண்ணெய்ப்பிசுக்கு டேங்குக்குப் போவது நின்றது. மொட்டைமாடி மழைத்தண்ணீர் அந்தப் பக்கம் வரவே கூடாது. கடையில் விற்கும் பாக்டீரியா பவுடர் வாங்கவில்லை, மனிதக் கழிவிலேயே வேண்டிய நுண்ணுயிர் இருக்கிறது. போர்வெல் பற்றி ஒன்று: உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. எங்கள் மனையில் அவ்வளவு இடம் இல்லை, அதனால் போர் தண்ணீரைக் குடிப்பதே இல்லை.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் வீட்டில் எத்தனை பேர், டேங்க் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து மாறும். வருடம் ஒருமுறை பங்குனியில் மூடியைத் திறந்து, காற்றாட விட்டு, நீளக் கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு எடுத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். துணியில் கறுப்புப் படிந்த உயரம் கசடு. அதுவும் மேல் ஆடையும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.