பிரஷருக்காகச் சிறுநீரக நரம்புச் சிகிச்சை செய்துகொண்டேன்

அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், குளோர்தாலிடோன் என்ற மூன்று பிரஷர் மாத்திரைகளையும் முழு அளவில் எடுத்தும் என் பிரஷர் 160-க்குக் கீழே வரவில்லை. இதய மருத்துவர் மாத்திரையை மாற்றவில்லை. "குறட்டை உண்டா?" என்று கேட்டார். என் மனைவிதான் பதில் சொன்னாள்: "குறட்டை பரவாயில்ல சார், நடுவுல மூச்சே நின்னுடுது. அதான் பயமா இருக்கு."

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுவது தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் குறைய, உடம்பு பதறி நரம்புகளை முடுக்குகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகளும் முடுக்கப்பட, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. இரவில் இறங்க வேண்டிய பிரஷர் இறங்குவதில்லை.

தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தந்து மூச்சுக்குழலைத் திறந்துவைக்கும் சிபேப் மெஷினைப் போட ஆரம்பித்ததும் பகல் தூக்கம் போனது. பிரஷர் கொஞ்சம்தான் குறைந்தது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையையும் சேர்த்தார்கள்; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதால் நிறுத்தினார்கள். அப்புறம்தான் சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகளைச் சுட்டு அடக்கும் நரம்புச் சிகிச்சைப் பேச்சு வந்தது.

மருத்துவர் எதையும் மிகைப்படுத்தவில்லை. 2014-இல் வந்த பெரிய ஆய்வில், போலிச் சிகிச்சையைவிட (நரம்பைச் சுடாமல், செய்ததுபோல் காட்டுவது) இது மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. கருவிகளும் முறையும் மேம்பட்ட பிறகு வந்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து, கருவி அனுமதி அமைப்பான எஃப்டிஏ இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. மூச்சுத் தடையும் குறையுமா என்று கேட்டேன். 2011-இல் போலந்தில் 10 பேரிடம் செய்த ஆய்வில் பலருக்குக் குறைந்ததாம். "பத்துப் பேரை வச்சு முடிவு பண்ண முடியாது. சிபேப்பை விடக் கூடாது" என்றார்.

முன்னதாக 24 மணி நேர பிரஷர் பதிவு, பிரஷரை ஏற்றக்கூடிய ஆல்டோஸ்டிரோன், ரெனின் என்ற சுரப்புகளுக்கான ரத்தப் பரிசோதனை, சிறுநீரக ரத்தக் குழாய்களுக்கு சிடி ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். இதில் அவசரப்படாதீர்கள். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கோளாறோ ரத்தக் குழாயில் அடைப்போ இருந்தால் வைத்தியமே வேறு.

தொடை இடுக்கை மரத்துப்போகச் செய்து, அங்கிருந்து மெல்லிய குழாயைச் சிறுநீரகத் தமனிவரை கொண்டுபோனார்கள். ரேடியோ அலை வெப்பத்தால் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுட்டார்கள். வலி நரம்புகளும் அங்கேயே ஓடுவதால் ஒவ்வொரு முறையும் இடுப்புக்குள் ஆழமாக வலித்தது. "வலிச்சா சொல்லுங்க, மருந்து ஏத்துறோம்" என்று நர்ஸ் பக்கத்திலேயே நின்றார்.

மூச்சுத் தடை உள்ளவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. அரைமயக்க மருந்து தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும். பிறகு காலை மடக்காமல் மணிக்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும்; மூச்சு அடைபட அதுவே போதும். மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், சொந்த சிபேப் மெஷினையும் எடுத்துப் போங்கள். நான் வார்டில் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

வீட்டுக்கு வந்த வாரம் பிரஷர் அப்படியே இருந்தது. மாதங்கள் போகப் போகத்தான் இறங்கியது. இப்போது 140-ஐ ஒட்டி நிற்கிறது. மாத்திரைகள் தொடர்கின்றன, மெஷினும் தினமும் உண்டு. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினினும் தமனி ஸ்கேனும் அவ்வப்போது பார்க்கிறார்கள். செலவு பெரிது, காப்பீட்டில் வருமா என்பதை அட்மிட் ஆகும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.