லண்டன் காசு திரும்பட்டும், கனடா பிறகு

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் வறுத்த அரிசி மாவும் மிளகாய்த்தூளும் பொதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கு ஒரு லோட் போய்ச் சேர்ந்த உடனேயே முதலாளிக்குக் கனடா ஆசை வந்துவிடும். அதற்கு முன், போட்ட காசு திரும்ப எத்தனை நாள் என்று ஒரு கணக்குப் போட வேண்டும்.

வறுத்து, ஆறவிட்டு, பொதி செய்ய 15 நாள். கொழும்பு, சுங்கம் 7. செங்கடலை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றும் கப்பலுக்கு 40 என்று வையுங்கள். வாங்குபவர் கேட்கும் கடன் 60. ஆக 122 நாள், கிட்டத்தட்ட நாலு மாதம். லோட்டுக்கு 15 இலட்சம் ரூபா முடங்கினால், மாதம் ஒன்று அனுப்புகிறவரின் நாலு லோட் காசு, 60 இலட்சம், எப்போதும் வெளியில்தான் நிற்கும். கனடாவையும் அதே வேகத்தில் பிடித்தால் 120 இலட்சம். கை நிறைய ஓடர் இருக்கும்போதே முறிந்துபோவது இப்படித்தான்.

காசைவிட மோசம், பிழை தெரியவரும் தாமதம். மா சூட்டோடு பைக்குள் போனால் ஆவி நீராகிக் கட்டிபடும், பூஞ்சை மணக்கும். அது லண்டன் கடைத் தட்டில் தெரியும்போது அதே பிழையோடு இன்னும் இரண்டு லோட் கடலில் இருக்கும். அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் கனடாவில் பட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: 2013இல் ஒரே ஆண்டில் 124 கடைகள், கணினியில் பொருள் விவரங்கள் பிழை, தட்டுகள் வெறுமை. 2015 ஜனவரியில் வெளியேறுவதாக அறிவித்தது.

நாட்டுக்கு நாடு வேலையும் வேறு. கனடா லேபலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் வேண்டும். அமெரிக்க எஃப்.டி.ஏ.விடம் (உணவு, மருந்து நிர்வாகம்) செய்த உணவுத் தொழிற்சாலைப் பதிவை இரட்டைப்படை ஆண்டுகளில் ஒக்டோபர்–டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். 2023 முதல் எள்ளும் அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் (எள்ளுருண்டைக்காரர் கவனிக்க). ஐரோப்பாவில் மிளகாய்த்தூளுக்கு அஃப்லாடொக்சின் பி1 (பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு) உச்ச அளவு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம்தான். சரியாகக் காயாத மிளகாயை மூட்டை கட்டினால் அந்த நஞ்சு ஏறும். பிறகு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பழக்கமான சந்தையில் தொடங்கி, முகவர், சொந்த விற்பனைக் கிளை, தொழிற்சாலை என்று படிப்படியாகப் போவதை 1970களில் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். நம்மவர்கள் இருப்பதால் டொரொன்டோவின் ஸ்காபரோ நமக்குக் கிட்டத்தான். ஆனால் ஸ்காபரோ தமிழ்க் கடை வேறு, கனடாச் சந்தை வேறு.

என் அளவுகோல்: அதே வாங்குபவர் மூன்றாவது ஓடர் தந்து, முதல் இரண்டின் காசும் வங்கிக்கு வந்த பிறகே அடுத்த நாடு. அங்கும் முதல் சரக்கு பங்குக் கொன்டெய்னரில் (பலர் சரக்கு சேர்ந்து போவது), இரண்டு பலெட் (சரக்கு அடுக்கும் தட்டு), பாதி முற்பணம். சரக்கு 15 கன மீட்டரை நெருங்கும்போது 20 அடி முழுக் கொன்டெய்னரின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள்.