மருந்து உள்ளே போன பிறகு

மார்ச் 2

பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவிகளை மருந்துச் சுற்றுக்கு அழைத்துப் போவது இந்த மாதம் என் பொறுப்பு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் தடுமாறாமல் சொல்கிறார்கள். சரி, இந்த மாத்திரை இவருக்கு எதற்காக? கொடுத்த பிறகு எப்போது திரும்பி வந்து எதைப் பார்ப்பீர்கள்? இப்படிக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

இந்த மாதம் முழுக்க நான் விடாமல் கேட்கப்போவது இந்த இரண்டு கேள்விகளைத்தான். ஐந்து சரிபார்ப்பும் மருந்து உள்ளே போகும்வரை காப்பாற்றும். மருந்தின் வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நர்ஸ்தான்.

மார்ச் 4

நெஞ்சுவலியோடு இருந்தவருக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் எழுதியிருந்தது. மாணவி கையில் மாத்திரையோடு தண்ணீர் டம்ளரும் இருந்தது. வாசலிலேயே நிறுத்திப் பேசினேன். விழுங்கிய மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். நைட்ரோகிளிசரினில் பெரும்பகுதியைக் கல்லீரல் அங்கேயே சிதைத்துவிடும். நாக்கின் அடியில் உள்ள மெல்லிய ரத்தநாளங்கள் வழியாகப் போனால் கல்லீரலைத் தொடாமல் ரத்த ஓட்டத்தில் கலந்து, சில நிமிடங்களில் வலி குறையத் தொடங்கும். ரத்த அழுத்தமும் கூடவே இறங்கும். அதனால் கொடுக்கும் முன்பும் பின்பும் பி.பி. பார்க்க வேண்டும், நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை எதுவும் எடுத்தாரா என்று உறவினர்கள் இல்லாத நேரத்தில் தணிந்த குரலில் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பி.பி. ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும்.

கடும் வலிக்குத் தரும் மார்ஃபினில், வாய்வழி 30 மில்லிகிராமும் நரம்பில் போடும் 10 மில்லிகிராமும் ஏறக்குறைய ஒரே பலன் தருவதற்கும் இந்தக் கல்லீரல்தான் காரணம். வழி மாறினால் அளவும் மாறும் என்று சொன்னதும் ஒருத்தி தானாகவே நோட்டை எடுத்து எழுதினாள். மகிழ்ச்சியாக இருந்தது.

மார்ச் 5

மூக்குவழிக் குழாய் போட்டிருந்த நோயாளிக்காக எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக நசுக்க ஆரம்பித்திருந்தார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கினால், பல மணி நேரத்துக்குப் பிரிந்து போகவேண்டிய மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். குடலில் கரைய வேண்டும் என்று உறை போட்ட மாத்திரையும் அப்படித்தான், நசுக்கக் கூடாது. மருந்தாளுநரைக் கேட்டால் திரவமாகவோ வேறு வடிவிலோ கிடைக்குமா என்று சொல்வார். கேட்டுத்தான் கொடுத்தோம்.

மார்ச் 7

இன்று முழுக்க இன்சுலின். அதிகம் பயப்படவேண்டிய மருந்துகளின் பட்டியலில் இதை எப்போதும் மேலே வைப்பேன். தினமும் போடுகிறோம், அதனாலேயே பழகிப்போய்விடுகிறது.

ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 40 யூனிட் உள்ள குப்பியும் சில இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பியின் இன்சுலினை 40 யூனிட் குப்பிக்கான சிரிஞ்சில் எடுத்து 20 கோடு வரை நிரப்பினால், உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! மாணவிகளைத் தாளில் கணக்குப் போட வைத்தேன். விடை வந்ததும் சிரிஞ்சு மூடியின் நிறத்தையும் குப்பியின் எழுத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். சாதாரண சிரிஞ்சில் இன்சுலின் எடுக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

எழுதுவதிலும் ஆபத்து உண்டு. யூனிட் என்று முழுதாக எழுதாமல் ஆங்கில யூ எழுத்தை மட்டும் போட்டால், அவசரத்தில் அது சுழியாகத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும்.

அப்புறம் நேரம். வேகமாக வேலை செய்யும் இன்சுலின் 15 நிமிடத்துக்குள் தொடங்கிவிடும். சாப்பாட்டுத் தட்டு கண்ணில் பட்ட பிறகுதான் ஊசி. ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருப்பவருக்குக் காலை இன்சுலின் எழுதியிருந்தால், போடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். கலங்கலான என்.பி.எச். இன்சுலினின் உச்சம் பல மணி நேரம் கழித்துத்தான் வரும். காலையில் போட்டதற்கு மாலையில் வியர்க்கலாம், கை நடுங்கலாம், பேச்சு குழறலாம். அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு அதைச் சொல்லிவிட்டுப் போவதும் மருந்து கொடுப்பதில் சேர்த்திதான்.

மார்ச் 9

பொட்டாசியம் குளோரைடு. நீர்க்காமல், சிரிஞ்சிலிருந்து நேராக நரம்பில் ஒருபோதும் போடக் கூடாது, இதயம் நின்றுவிடும். அடர்த்தியான ஆம்பூல்களை (சிறு மருந்துக் குப்பிகளை) வார்டு அலமாரியிலேயே வைக்கக் கூடாது என்று பல மருத்துவமனைகள் விதி வைத்திருப்பது இதனால்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் பொட்டாசியத்தைச் சேர்த்துவிட்டுக் கலக்காமல் விட்டால், அது அடியில் தங்கி, முதலில் அதுதான் உள்ளே போகும். இறக்கி, சேர்த்து, பலமுறை கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டித்தான் மாட்ட வேண்டும். மானிட்டர் இல்லாத வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டை (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். போகாவிட்டால் பொட்டாசியம் வெளியேற வழியே இல்லை.

மார்ச் 11

டிஜாக்சின், இதயத்துக்கான மருந்து. கொடுக்கும் முன் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துத் துடிப்பை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதாதா என்று ஒருத்தி கேட்டாள். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குத்தான் இந்த மருந்தைப் பெரும்பாலும் தருகிறோம், அரை நிமிடக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

உடலில் உள்ள டிஜாக்சினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் அதிகம். அதாவது நேற்றும் முந்தாநாளும் கொடுத்தது இன்னும் உள்ளே இருக்கிறது. இன்றைய மாத்திரை அதன் மேல்தான் போய்ச் சேரும். சிறுநீரை அதிகமாக்கும் ஃப்யூரோசமைடும் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் குறையும், அப்போது வழக்கமான டிஜாக்சின் அளவே நஞ்சாகலாம். பசியே இல்லை, குமட்டுகிறது, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று ஒரு வயதான அம்மா சொன்னால், அதை முதுமை என்று தள்ளிவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

அளவு 0.25 மில்லிகிராம். புள்ளிக்கு முன் சுழியை விட்டுவிட்டால் 25 என்று படிக்க வாய்ப்பு உண்டு. அதேபோல் 5 என்றால் 5தான், 5.0 என்று எழுதக் கூடாது, 50 என்று படித்துவிடலாம்.

மார்ச் 14

மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி, உறவினர், படுக்கை விரிப்பு கேட்பவர் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. மருந்து ட்ரே பக்கத்தில் நிற்பவரை யாரும் அழைக்காத ஏற்பாடு எல்லா வார்டிலும் வேண்டும்.

இதற்கு நடுவே ஒரு ஐயா, "தினமும் வெள்ளை மாத்திரைதானே கொடுப்பீங்க, இது ஏன் இளஞ்சிவப்பா இருக்கு?" என்று கேட்டார். மாணவி, "கம்பெனி மாறியிருக்கும், போடுங்க ஐயா" என்று சொல்லத் தொடங்கினாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். சார்ட்டை எடுத்துப் பார்த்தோம். கம்பெனிதான் மாறியிருந்தது, மருந்து அதேதான். ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நோயாளி கேள்வி கேட்டால் கை நிற்க வேண்டும். வேறு எவரையும்விடத் தன் மாத்திரைகளை அவர் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

இருவர் சரிபார்ப்பதைப் பற்றியும் பேசினோம். "2 மில்லிதானே, சரியா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். என் விடையைக் காட்டாமல் ஆர்டரையும் ஆம்பூலையும் மட்டும் கொடுத்து, அவரைத் தனியாகக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும்.

மார்ச் 17, நைட் ட்யூட்டி

அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு நரம்பில் மார்ஃபின். அரை மணி நேரம் நானும் மாணவியும் அருகிலேயே இருந்தோம், ஏனென்றால் பலன் உச்சம் தொடுவது சுமார் 20 நிமிடம் கழித்து. மூச்சு எண்ணிக்கை குறைவதற்கு முன்பே தூக்கக் கலக்கம் கூடிவிடும். கூப்பிட்டால் கண் திறந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தூங்கிவிட்டால் அதுவே எச்சரிக்கை.

மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் கொடுத்தால் நிமிடங்களில் விழிப்பார். அத்தோடு முடிந்தது என்று நகரக் கூடாது. நலோக்சோன் சீக்கிரம் தீர்ந்துவிடும், மார்ஃபின் அதன்பிறகும் உள்ளே இருக்கும், மூச்சு மறுபடியும் குறையலாம். எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எப்போதெல்லாம் பார்த்தோம், மூச்சு எத்தனை என்று கேஸ் ஷீட்டில் அவளையே எழுதச் சொன்னேன்.

மார்ச் 20

குழந்தைகள் வார்டு. முதல் வேலை எடை போடுவது. அம்மா சொன்ன எடையையோ போன மாத எடையையோ நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

8 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 120 மில்லிகிராம். 5 மில்லியில் 120 உள்ள சிரப் என்றால் 5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 2.4 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் 1.2 மில்லி. "அஞ்சு மில்லி கொடுங்க" என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, அங்கே சொட்டு மருந்து பாட்டில் இருந்தால், குழந்தைக்குப் போவது 500 மில்லிகிராம்.

அதனால் இன்று வீட்டுக்குப் போன ஒவ்வொரு அம்மாவிடமும் அவர்கள் வாங்கிய பாட்டிலையே கொண்டுவரச் சொல்லி, வாய்வழி சிரிஞ்சில் கோடு காட்டி, அவர்களையே ஒருமுறை எடுக்க வைத்தோம். நேரம் ஆனது. மாணவிகள் யாரும் அவசரப்படவில்லை.