முக்கால் ஜிபி பாக்கி

சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஃபிளெக்ஸ் கடைக்காரர்களிடம் நின்று பேச முடியாது. 2008-ல் அப்படியொரு நாளில்தான் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கடைக்கு ராம், அதாவது கம்ப்யூட்டரின் நினைவகம், மாட்டப் போனேன். இருந்த இரண்டு 512 எம்பி ராமைக் கழற்றிவிட்டு, 2 ஜிபி ராம் இரண்டு போட்டேன். சிஸ்டம் எழுந்தது. மை கம்ப்யூட்டர், ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். 3.25 ஜிபி என்று காட்டியது.

முதலாளி என் தோளுக்குப் பின்னால்தான் நின்றார். "தம்பி, நாலுக்குத்தான காசு குடுத்தேன்?"

முதலில் எனக்கே சந்தேகம். ராமைக் கழற்றி, பல் வரிசை போல இருக்கும் அந்தத் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, ஸ்லாட் மாற்றிப் போட்டேன். நம் ஊரில் முக்கால்வாசி ராம் நோய்க்கு அதுதான் கைமருந்து. மறுபடியும் 3.25. விண்டோஸுக்கு முன்னால் எழும் பயாஸில் போய்ப் பார்த்தால் 4096 எம்பி, நாலு ஜிபியும், முழுசாக இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்தால் முக்கால் ஜிபி மாயம்.

"எங்கிட்டு விட்ட அந்த முக்கால?" என்றார். நான் ராமை மாற்றிக் கொடுத்து ஏமாற்றுகிறேன் என்று அவர் முடிவே செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பில் இல்லாத ராம் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது.

அவருக்குச் சொல்லிப் புரியவைக்கப் போய்த்தான் எனக்கே விஷயம் தெளிவாகப் புரிந்தது. அந்த எக்ஸ்பி போன்ற 32 பிட் விண்டோஸ் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியாக ஒரு எண் கொடுத்துத்தான் கூப்பிடுகிறது. 32 பிட்டில், அதாவது சைபரோ ஒன்றோ போடும் 32 இடங்களில், எழுத முடிகிற எண்கள் மொத்தம் 4,294,967,296. அதுதான் 4 ஜிபி. ஆனால் அந்த எண்கள் ராமுக்கு மட்டும் சொந்தமில்லை. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் சிப் எல்லாவற்றையும் இதே எண் வரிசையில் வைத்துத்தான் சிபியு தொடுகிறது. 4 ஜிபி எல்லைக்குக் கீழே உச்சியில் ஒரு துண்டை அவை பிடித்துக்கொள்கின்றன.

"அண்ணே, ஒரு தெருவுக்கு மொத்தமே நூறு கதவு எண்தான்னு வச்சுக்குங்க. அதுல பத்தொம்பத டிரான்ஸ்ஃபார்மருக்கும் ரேஷன் கடைக்கும் தண்ணித் தொட்டிக்கும் குடுத்தாச்சு. நீங்க நூறு வீடு கட்டிட்டீங்க. வீடு இருக்கு, கதவு எண் இல்ல. தபால்காரர் வரமாட்டார்."

அவர் நம்பவில்லை. சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று அந்த சிஸ்டத்தில் இருந்த 512 எம்பி கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, பையில் கிடந்த பழைய 128 எம்பி கார்டை மாட்டினேன். இப்போது 3.5 ஜிபி. ராமைத் தொடவே இல்லை. அவர் ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைப் பையனை அழைத்து இரண்டு டீ சொன்னார்.

உண்மையில் இந்தப் பஞ்சாயத்து எனக்குப் பழசு. தொண்ணூறுகளில் மதுரையில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டபோது டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் 640 கேபி என்று ஒரு வேலி இருந்தது. முதல் ஐபிஎம் பிசியில் போட்ட 8088 சிப்புக்கு முகவரிக் கம்பிகள் இருபது, அதாவது 20 பிட் முகவரி. அதனால் மொத்தம் 1 எம்பிதான். அதில் மேல் 384 கேபி திரைக்கும் ரோமுக்கும் போக, புரோகிராமுக்கு 640. 386 சிஸ்டத்தில் 4 எம்பி ராம் போட்டு வைத்திருப்போம். விளையாட்டு ஒன்றைத் தட்டினால் நினைவகம் போதாது என்று சொல்லும். டாஸ் எழும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறந்து, எந்த டிரைவரை (மவுஸ் போன்ற கருவிகளை இயக்கும் புரோகிராம்) மேலே தூக்கிப் போட்டால் கீழே நாலு கேபி மிஞ்சும் என்று ராத்திரி உட்கார்ந்து வரிகளை மாற்றி மாற்றிப் போடுவோம். 4 ஜிபி எல்லையைப் பார்த்தபோது, அதே வேலியைக் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

இதில் எனக்கு விண்டோஸ் மேல் ஒரு சின்ன வருத்தம் உண்டு. 1995-ல் வந்த பென்டியம் ப்ரோவிலேயே பிஏஇ என்ற வசதி இருந்தது. 36 பிட் முகவரி, 64 ஜிபி வரை தொடலாம். 32 பிட் விண்டோஸ் சர்வர் பதிப்புகள் சில அதைப் பயன்படுத்தி 4 ஜிபியைத் தாண்டின. எக்ஸ்பியையோ நாலோடு கட்டிப்போட்டார்கள். காரணம் டிரைவர்கள். 4 ஜிபிக்கு மேல் முகவரி வரும் என்று எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட மலிவான டிரைவர்கள் சிஸ்டத்தையே கவிழ்த்துவிடும். சிம்மக்கல் கடையில் இருந்த ஃபிளெக்ஸ் மெஷினின் டிரைவரைப் பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பயம் நியாயமானதே.

அந்தக் கடையில் நினைவகம் ஏன் அப்படிக் கரைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காதணி விழா ஃபிளெக்ஸ் ஒன்று 20 அடிக்கு 10 அடி. 72 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி, வைத்தால் குறுக்கே 17,280 பிக்சல், நெடுக்கே 8,640. அச்சுக்கான நாலு நிற முறையான சிஎம்ஒய்கேயில் பிக்சலுக்கு 4 பைட். பெருக்கினால் கிட்டத்தட்ட 600 எம்பி, அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்களில் ஒரே ஒரு லேயருக்கு. மதுரையில் ஒரு லேயரில் காதணி விழா முடியுமா? தாய்மாமன்கள் ஐந்து பேர் சால்வையோடு, தாத்தா மேகத்துக்குள், குழந்தை தாமரைப் பூவில், கீழே வரவேற்பாளர்கள் வரிசையாக வட்டம் வட்டமாக. ஒவ்வொரு தலையும் ஒரு லேயர். போதாததற்கு, பெரிய மாமா படம் சின்னதாகிவிட்டது என்று வீட்டார் போன் செய்தால் பின்னோக்கிப் போவதற்கு ஃபோட்டோஷாப் பழைய நிலைகளையும் பிடித்து வைத்திருக்கும்.

இத்தனைக்கும் 32 பிட் எக்ஸ்பி ஒரு புரோகிராமுக்குத் தருவது சாதாரணமாக 2 ஜிபிதான். மீதி 2 ஜிபி முகவரி இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு. பூட்.ஐஎன்ஐ கோப்பில் ஒரு சொல் சேர்த்து அதை மூன்றுக்கு ஒன்று என்று மாற்றலாம். சீசன் நேரத்தில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஃபோட்டோஷாப் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் ஸ்கிராட்ச் கோப்பாக எழுதும். விண்டோஸ் தன் பங்குக்கு ராமில் அடங்காததைப் பேஜ்ஃபைல் என்ற கோப்பில் எழுதும். இரண்டும் ஒரே டிஸ்கில் இருந்தால் அந்தச் சத்தம் கேட்க வேண்டுமே, கர் கர் என்று எலி பிறாண்டுவது போல.

என் சித்தப்பா புதுமண்டபத்தில் தையல்காரராக இருந்தார். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். நான் சிறுவனாக இருந்தபோது தூணுக்குத் தூண் தையல் மெஷின். அவருக்கு இடம் ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும். தைக்கிற துணி மடியில், அடுத்தது மெஷின் பலகையில், மற்றதெல்லாம் தூணுக்குப் பின்னால் மூட்டையில். சாதாரண நாளில் இது போதும். தீபாவளி நெருங்கும்போது பத்துப் பேர் வந்து நின்று "என்னுது ஆச்சா, என்னுது ஆச்சா" என்பார்கள். இவர் சட்டையை வைத்துவிட்டுப் பாவாடையை எடுப்பார், அதை வைத்துவிட்டு ரவிக்கையைத் தேடுவார். மூட்டையை அவிழ்த்துக் கட்டுவதிலேயே பொழுது போகும், மெஷின் மிதிபடாது.

இயங்குதளம் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகத் துண்டு போட்டு, உடனே வேண்டியதை ராமிலும் மற்றதை டிஸ்கிலும் வைத்திருப்பது இதே கதைதான். ஒரு பக்கம் ராமில் இல்லையென்றால் போய் எடுத்து வரும். ராமில் ஒரு பைட்டைத் தொட நூறு நானோ செகண்ட் என்றால், பழைய ஹார்ட் டிஸ்கின் முள் நகர்ந்து எடுக்கப் பத்து மில்லி செகண்ட். ஒரு லட்சம் மடங்கு. ஒவ்வொரு புரோகிராமுக்கும் அந்தந்த நேரத்தில் தேவைப்படும் பக்கங்கள் ராமுக்குள் அடங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. அடங்காவிட்டால் சிபியு கையைக் கட்டிக்கொண்டு மூட்டை அவிழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கடையில் கோரல் டிரா என்ற இன்னொரு டிசைன் புரோகிராமை மூடிவிட்டு ஃபோட்டோஷாப்பில் மட்டும் வேலை பார்க்கச் சொன்னேன், ஸ்கிராட்சுக்கு வேறொரு டிஸ்க் போட்டேன். எலிச் சத்தம் பாதியாகக் குறைந்தது.

பல வருஷம் கழித்து ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வரில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். லினக்ஸ் இயங்குதளம், 64 பிட், முகவரி எண்களுக்குப் பஞ்சமே இல்லை. ராம்தான் கம்மி. லினக்ஸ், கேட்கிற புரோகிராமுக்கெல்லாம் நினைவகம் தருவதாகத் தலையாட்டிவிடும். கேட்டவர்கள் எல்லோரும் முழுசாகப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற கணக்கு. ஆயிரம் பத்திரிகை வைத்துவிட்டு அறுநூறு இலை வாங்குவது போல. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் ஆயிரம் பேரும் பந்திக்கு வந்துவிட்டார்கள். அப்படி நேர்ந்தால் கர்னல் ஒருவரை இலையிலிருந்து எழுப்பி அனுப்பும், பெரும்பாலும் அதிகம் சாப்பிடுகிறவரை. பில்லிங் சர்வரில் அதிகம் சாப்பிடுவது யார்? டேட்டாபேஸ்தான். சர்வரின் பதிவேடான லாகில் "கில்டு பிராசஸ்" (புரோகிராமை நிறுத்தியாச்சு) என்று ஒரு வரி, வெளியே ஏழு கவுண்டரிலும் துணிப்பையோடு ஜனம். அன்றிரவே ராம் கூட்டினோம். டேட்டாபேஸைத் தொடாதே என்று கர்னலுக்குச் சொல்லும் அமைப்பையும் போட்டேன். அதை முன்பே போடாதது என் தப்பு.

சிம்மக்கல் கடைக்கு 64 பிட் விண்டோஸ் போனது 2011-ல். ஃபோட்டோஷாப் விண்டோஸில் 2008-லேயே, சிஎஸ்4 பதிப்பில், 64 பிட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் ஃபிளெக்ஸ் மெஷினுக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கவில்லை. அதனால் டிசைனுக்கு 8 ஜிபியில் புது சிஸ்டம், பிரிண்டுக்கு அதே பழைய எக்ஸ்பி. மெஷின் மாறும்வரை அந்தப் பெட்டியை யாரும் அணைக்கத் துணியவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது முதலாளி கல்லாவில் இருந்தார். தலை நரைத்துவிட்டது. மகன்தான் கடையைப் பார்க்கிறான். என்னை அடையாளம் கண்டுகொண்டு, டீக்குச் சொல்லிவிட்டு, மகனிடம் காட்டினார்.

"இவர்தாண்டா. நமக்கு இன்னும் முக்கா ஜிபி பாக்கி வச்சிருக்காரு."