கெல்சி இல்லாத ஈகிள்ஸ்

2024 மார்ச்சில், நம் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பிலடெல்பியா ஈகிள்ஸின் முன்வரிசை வீரர் ஜேசன் கெல்சி ஓய்வை அறிவிக்க, கையில்லாத டி-ஷர்ட்டோடு மைக் முன்னால் உட்கார்ந்து, பேச வாயெடுத்ததுமே தொண்டை அடைத்து அழுதாரே, அதிலிருந்து எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. 13 சீசன், அத்தனையும் பிலடெல்பியாவுக்கே. ஒரு வாரத்துக்குள் டிஃபென்ஸ் (தடுப்பாட்ட) வீரர் ஃபிளெட்சர் காக்ஸும் ஓய்வு. 2023 சீசனை 10 வெற்றி, 1 தோல்வி என்று ஆரம்பித்து, கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்தைக் கோட்டைவிட்டு, பிளேஆஃப் நாக்அவுட்டில் டாம்பா பேயிடம் 32-9 என்று உதை வாங்கிய அணி இதையும் தாங்குமா என்று நிஜமாகவே பயந்தேன்.

அப்புறம்தான் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி வந்தார்! அதுவும் நம் டிவிஷன் எதிரி நியூயார்க் ஜயன்ட்ஸிடமிருந்து. ஆறு வருஷம் அங்கே வழியே இல்லாத இடத்தில் முட்டி மோதி ஓடியவர், பென்சில்வேனியாவில் வளர்ந்த பிள்ளை. எதிரிகளைத் தடுத்து வழி திறக்கும் நம் முன்வரிசைக்குப் பின்னால் அவர் ஓடுவதை நினைத்தாலே அப்போது புல்லரித்தது.

டிஃபென்ஸுக்குப் புதுப் பயிற்சியாளர் விக் ஃபேஞ்சியோ, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மிட்செல், டிஜீன். சரி, ஓட்டையை அடைக்கத்தான் பார்த்தார்கள்.

2004க்குப் பிறகு அதுவரை, நம் நான்கு அணி டிவிஷனான என்.எஃப்.சி. ஈஸ்டை யாரும் அடுத்தடுத்து ஜெயித்திருக்கவில்லை, 2023இல் டல்லாஸ் எடுத்துவிட்டது. ஆனால் 2024 சீசனுக்கு முன்னால் எனக்கு டல்லாஸைவிட, குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸை டிராஃப்டில் எடுத்த வாஷிங்டன்மேல்தான் பயம்.