வீடு யார் பேரில் இருந்தாலும்

குடும்ப வழக்குகளில் பெண்கள் தரப்பில் ஆஜராகிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் வீட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் வருகிறார்கள். "கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இரும்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். திரும்பிப் போனால் பூட்டு மாறியிருக்கும்.

"வீடு மாமியார் பேரில் இருக்கு மேடம், நான் என்ன கேட்க முடியும்?" என்பார்கள். கேட்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. கணவனோடு குடித்தனம் நடத்திய வீட்டில், தன் பேரில் பத்திரம் இல்லாவிட்டாலும், மனைவிக்குக் குடியிருக்க உரிமை உண்டு.

ஆனால் 2006 டிசம்பரில் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மாமனார் மாமியாரின் சொந்த வீட்டில் இந்த உரிமையைக் கேட்க முடியாது என்றது. எதிர்த்தரப்பு அதன் நகலோடுதான் கோர்ட்டுக்கு வரும். நம் ஊரில் எத்தனை மகன்கள் கல்யாணமானதும் தனி வீடு வாங்குகிறார்கள்? பெற்றோர் வீட்டில்தானே குடித்தனம் தொடங்குகிறது! அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2020 அக்டோபர் வரை ஆனது. இடையில் எத்தனை பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்களோ என்று நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

இது சொத்துரிமை அல்ல, குடியிருக்கும் உரிமை மட்டுமே. வயதான மாமியாரை வெளியேற்றும்படி இந்தச் சட்டத்தில் உத்தரவு வாங்க முடியாது. எந்தப் பெண்ணையும் அப்படி வெளியேற்ற முடியாது. அது நியாயம்தான். ஒரே கூரையின் கீழ் இருக்கவே முடியாது என்றால், அதே தரத்தில் வேறு வீடோ அதற்கான வாடகையோ தரும்படி 19-வது பிரிவில் கேட்கலாம். சில குடும்பங்களுக்கு அதுவே நிம்மதி.

மனு போட்ட 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயற்சி என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பதோ வாய்தாமேல் வாய்தா. அதனால் மனுவோடு சேர்த்தே 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்டுவிடுவேன். அந்த வீட்டில் குடியிருந்ததைக் காட்ட ரேஷன் கார்டு, ஆதார், சமையல் கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளிச் சான்று என்று அந்த முகவரி உள்ள எதுவும் உதவும். உத்தரவை அமல்படுத்தப் போலீஸ் துணையையும் கோர்ட் தரலாம்.

அடி உதைக்குப் பயந்து கிளம்ப வேண்டி வந்தால் தயங்காமல் கிளம்புங்கள். மனு போடும்போது அந்த வீட்டில் இல்லை என்பதற்காக உரிமை போய்விடாது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அதையும் தெளிவாகச் சொல்லிவிட்டது.