குட்டனுக்கு சுகர்

முற்றத்து மணலில் எங்கள் பூனை குட்டன் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் பார்த்தது அம்மைதான். "பூச்சைக்கும் சுகர் வருமா மக்களே?" என்று கேட்டாள். அவளுக்கே பல வருடமாக சுகர். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். கிணற்றடி வாளிக்குள் தலையை விட்டு அவன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததும், நன்றாகத் தின்றும் மெலிந்ததும் அப்புறம்தான் உறைத்தது. பின்னங்கால் கணுவரை தரையில் பதித்து முயல் மாதிரி நடக்கத் தொடங்கியபோது, கூடையில் போட்டு மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன்.

அங்கே 412. பஸ்ஸிலும் காத்திருந்த இடத்து நாய்க்குரைப்பிலும் மிரண்டே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால், டாக்டர் அந்த ஒரு எண்ணை நம்பவில்லை. மூத்திரத்தைப் பார்த்தார், இரண்டு மூன்று வாரத்துச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனையும் செய்தார். சுகர்தான். கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட். சாப்பிட்ட பிறகுதான் ஊசி. சாப்பிடாமல் கிடந்தால் முதலில் தனக்கு போன் செய்ய வேண்டும் என்றார். ரத்தத்தை வீட்டிலேயே பார்க்கச் சொன்னார்.

ஊசி போடுவது ஒன்றுமில்லை. தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் போட்டால் அவனுக்குத் தெரியவே தெரியாது. காதில் குத்துவதுதான் பெரும்பாடு. வெந்நீரில் பிழிந்த துணியால் காதைச் சூடாக்கி, உள்பக்கம் பஞ்சு வைத்து, ஓரத்தில் ஓடும் மெல்லிய நரம்பருகே குத்த வேண்டும். முதல் வாரத்தில் ஒருநாள் மீட்டர் 94 காட்டியது. துள்ளிக் குதித்தேன். பார்த்தால் பஞ்சையும் தாண்டி என் விரலில் குத்தியிருந்தது; ஸ்ட்ரிப்பில் இருந்தது என் ரத்தம். அவித்த நெத்திலி ஒன்று கூலியாகக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு மீட்டர் பெட்டி திறக்கும் சத்தத்துக்கே வந்து உட்கார ஆரம்பித்தான்.

எண்கள்தான் என்னைப் பைத்தியமாக்கின. காலை 318, மாலை 371, மறுநாள் காலை 240. ஒருநாள் இரவு நானாகவே அரை யூனிட் கூட்டினேன். டாக்டரிடம் நல்ல திட்டு வாங்கினேன். ஊசிக்கு முன் எடுக்கும் எண் உச்சியைத்தான் சொல்லும், நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்காமல் அளவைத் தொடக்கூடாது, மாற்றினாலும் ஐந்தாறு நாள் பொறுக்க வேண்டும் என்றார். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து நோட்டில் எழுதினேன்: 6 மணிக்கு 310, அப்புறம் 252, 171, மதியம் 118, 126, 203, மாலை 6 மணிக்கு 284. நான் வேலைக்குப் போயிருக்கும் மதிய நேரத்தில் அவன் 118 வரை இறங்குகிறான். அரை அரையாகக் கூட்டிக்கொண்டே போயிருந்தால்?

அந்த விபரீதம் வேறு வழியாக வந்தது. சிரிஞ்ச் தீர்ந்த ஒரு மாலை, அம்மையின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தேன். சிவப்பு மூடி. அது மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது, குட்டனுடையது 100. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வேண்டும். சிவப்பில் ஒரு கோடு இழுத்தால் அவனுக்குப் போவது இரண்டரை யூனிட். ஒன்பதரை மணிக்குக் கட்டிலடியிலிருந்து தள்ளாடி வந்தான், 46. மார்த்தாண்டத்துத் தேன் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். வாயில் ஊற்றினால் புரையேறிவிடும், அதனால் விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். டாக்டருக்கு போன் போட்டேன். கால் மணி நேரத்துக்கு ஒரு சோதனை, கொஞ்சம் சாப்பாடு, விடியும்வரை இப்படியே. மறுநாள் காலை 390! அவ்வளவு கீழே போனால் உடம்பே கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கிவிடுமாம். அதைப் பார்த்து ஊசியைக் கூட்டாதே என்றார். இப்போது சிவப்பு மூடி அம்மையின் அலமாரியில், ஆரஞ்சு மூடி என் மேசையில்.

நோட்டைப் புரட்டும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஞாயிறு மாலைகள் மட்டும் 280 பக்கம், மற்ற நாள் மாலைகள் 350க்கு மேல். நான் வீட்டில் இருப்பதால் அமைதியாக இருக்கிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஞாயிறு முழுக்க வீட்டில் இல்லாதது அடுத்த வீட்டு மாமி. கோயில் முடிந்ததும் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் நாலு மணி சாயாவுக்கு அவர் வீட்டு நடையில் குட்டன் ஆஜர். பாலில் ஊறிய ரஸ்க்.

"ஒரு துண்டுதானே பிள்ளே, கெஞ்சுகான்" என்றார் மாமி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உலர் தீவனத்தில் இருக்கும் மாவுச்சத்தை யோசிக்காமல் ஒன்பது வருடம் கொட்டியவள் நான்தானே.

ரஸ்க் நின்றது. டாக்டரைக் கேட்டு உலர் தீவனத்தை டின் உணவுக்கு மெல்ல மாற்றினோம். மாவு குறையும்போது ஊசியின் தேவையும் சட்டென்று குறையும் என்று அவர் முன்பே எச்சரித்திருந்ததால் மதியமும் யாராவது குத்திப் பார்த்தோம். மூன்றாவது வாரம் 72. அளவை அரை யூனிட்டாக்கினார். சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதுண்டாம். எங்களுக்கு இன்னும் அது வாய்க்கவில்லை. கால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, மதில் ஏறுகிறான்.

ஆறு மணிக்கு மாமி இப்போது முள் எடுத்த அவித்த அயிலைத் துண்டோடு வருகிறார். குத்தி முடிக்கும்வரை கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பார்.

"இண்ணைக்கு எவ்வளவு?"

"நூற்றி எண்பத்தாறு, மாமி."

"எனக்க சுகரைவிடக் கொறவுதான்" என்றபடி மீனை வைத்தார்.